பம்பை நிறுத்தியவள்

பணி ஓய்வு விழா என்றால் பொன்னாடை போர்த்துவார்கள், மிக்சரும் காபியும் கொடுப்பார்கள், பொய் சொல்வார்கள். முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கியது. “ஸ்டெல்லா மேடம் எல்லாரையும் அனுசரிச்சுப் போறவங்க. மேலதிகாரி பேச்ச ஒரு நாளும் தட்டுனதில்ல” என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னார். அவர் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, பாவம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பம்ப் ஆபரேட்டர் ஜப்பார் பாய்க்குப் புரையேறிவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். ஆனால் அனுசரித்துப் போனவள் என்ற பட்டத்தோடு மீதிக் காலத்தை ஓட்ட எனக்கு விருப்பமில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது சிதம்பரத்தில் ஒரு பாறைப் பரிசோதனைக் கூடத்தில். எண்ணெய்க் கம்பெனிகள் பூமியில் துளை போட்டு, ஆழத்திலிருந்து உருளை உருளையாகக் கல் எடுத்து எங்களுக்கு அனுப்பும். இந்தக் கல்லில் எண்ணெய் இருக்கிறதா, இருந்தால் வெளியே வருமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். பூமிக்கடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். என் நாத்தனார் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறாள். எண்ணெய் இருப்பது கல்லின் நுண்துளைகளுக்குள். ஒரு பக்கம் உப்புத் தண்ணீரை அழுத்தி ஏற்றினால், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வரும். வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கடலூர் முதுநகரில் ரயில்வே ஜங்ஷன் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள் நான். ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்றபோது சர்ச் வாசலில் வைத்தே கேட்டார்கள்: “பொம்பளப் புள்ள கல்லு ஒடைக்கவா படிக்கப் போவுது?” “ஆமா, ஒடைக்கத்தான்” என்றேன். படித்தது, வேலை கிடைத்தது, கல்லை அறுக்கவும் கழுவவும் காயவைக்கவும் கற்றுக்கொண்டது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் தலைவர் ராஜமாணிக்கம் சாரை அப்படி விட முடியாது. புதுக் கல் வந்தால் எந்த மிஷினுக்கும் முன்னால் அவர் நாக்கின் நுனியை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். நாக்கு ஒட்டினால் கல் தண்ணீரை உறிஞ்சும் ஜாதி. “இழுக்குது” என்று சொல்லிவிட்டு, மடித்த கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொள்வார். மிஷினும் பெரும்பாலும் அதையேதான் பின்னால் சொல்லும். யாரையும் அதட்டியதில்லை. பெண்களெல்லாம் அவருக்கு அம்மா, ஆண்களெல்லாம் தம்பி, ஜப்பார் பாய் மட்டும் பாய். எதையும் முடியாது என்று சொல்லவே மாட்டார். “பாக்கலாம்மா” என்பார். அதற்கு முடியாது என்றுதான் அர்த்தம் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. புரிந்த பிறகும் நான் கேட்பதை நிறுத்தவில்லை.

அவருடைய உயிர் பம்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார். கல்லை இரும்பு உறைக்குள் இறுக்கி, ஒரு முனையில் பம்பையும் மறுமுனையில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயையும் மாட்டுவோம். பம்ப் ஓட ஆரம்பித்தால் சோதனை முடியும்வரை நிற்கவே கூடாது. நடுவில் நின்றால் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும். தண்ணீரும் எண்ணெயும் இடம் மாறிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் கணக்கை நம்ப முடியாது. கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கல்லில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “பம்ப் நின்னா கல்லு செத்துச்சு” என்பது எங்கள் கூடத்தில் வேதவாக்கு. கரண்ட் அடிக்கடி போன அந்த வருடங்களில், ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள் எத்தனையோ கற்கள் செத்திருக்கின்றன. செத்த கற்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். ஜப்பார் பாய் ஒன்றின்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொள்வார்.

மணற்கல்லுக்கு அது நல்ல விதி. நாங்கள் காலமெல்லாம் அதிகம் பார்த்ததும் மணற்கல்தான். ஷேல் வேறு சாதி. சேறு இறுகி ஏடு ஏடாகப் படிந்த கறுப்புப் பாறை. துளைகள் அவ்வளவு சன்னமானவை, எண்ணெய் உள்ளேயே கிடக்கும், நகராது. அதில் விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் எனக்கும் இந்த உலகத்துக்கும் சண்டை வந்தது.

அந்தச் சண்டைக்கு முன்கதை 2004இல் இருக்கிறது. அப்போது ஷேல் துண்டுகள் எங்களுக்கு வரும்போதே உடைந்து வரும். விரிசல் விழுந்ததை ஒதுக்கிவிட்டு முழுசாக இருப்பதைத்தான் சோதிப்போம். எது பூமி போட்ட விரிசல், எது மனுஷன் போட்ட விரிசல் என்று யாருக்கும் தெரியாது. நேரில் பார்க்கிறேன் என்று சொல்லிப் புவனகிரிப் பக்கம் வயல் நடுவே நின்ற, துளை போடும் ரிக்குக்குப் போனேன். ரிக் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“லேடீஸுக்கு இங்க பாத்ரூம் இல்ல மேடம்.”

“கட்டுங்க.”

“அதுக்குப் பர்மிஷன் வாங்கணும்.”

“வாங்குங்க. அதுவரைக்கும் எதுத்த வீட்டுல போய்க்கிறேன்.”

எதிர் வீட்டுக்கார அம்மா பாத்ரூமும் காட்டினாள், மோரும் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது தகரத்தில் ஒன்று கட்டியிருந்தார்கள். தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அதையும் கேட்டு வாங்கினேன்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. ஆழத்திலிருந்து வந்த இரும்புக் குழாய்க்குள் கல் சிக்கிக்கொண்டால், ஒருவர் சம்மட்டியை எடுத்துக் குழாயை நாலு போடு போடுவார். கல் வெளியே வரும், புது விரிசல்களோடு. சம்மட்டி விரிசல் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். பூமியின் விரிசலில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் எண்ணெய்க் கறை மஞ்சளாக மினுங்கும். அன்றிலிருந்து ஷேல் எடுக்கும் கிணறு எதுவானாலும் நானே போனேன். ஒரு தடவை கல் தானாக நழுவி வரும்வரை சம்மட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மேனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பொம்பளையைச் சம்மட்டியோடு சேர்த்துத் தூக்கியா போட முடியும்?

2011இல் அதே புவனகிரிப் பக்கம் இன்னொரு கிணறு. கம்பெனி எதிர்பார்த்த மணற்கல்லில் எண்ணெய் சொற்பம். அதற்கு மேலே தடித்த ஷேல் அடுக்கு ஒன்று இருந்தது. அதை முயன்று பார்க்கலாமா, இல்லை கிணற்றைச் சிமென்ட் போட்டு மூடிவிடலாமா என்பது கேள்வி. ஷேலிலிருந்து எண்ணெய் வராது என்று எங்கள் கூடம் சொன்னால் மூடிவிடுவார்கள். கம்பெனியின் பொறுப்பாளர் வரதன் சென்னையிலிருந்து வந்தவர், படித்தவர், கெட்டிக்காரர். அவசரக்காரர் என்பதைத் தவிர அவரிடம் எனக்குக் குறை கிடையாது.

ரிக்கிலிருந்து நானே கொண்டுவந்த ஷேலில் பாதி அறுக்கும்போதே உதிர்ந்தது. மீதியில் கொஞ்சத்தை யாரோ நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் போண்டா மாவாக்கிவிட்டார்கள். உப்புச் சரியாக இல்லாத தண்ணீர் பட்டால் ஷேல் ஊதிக் கரைந்துவிடும். யார் கழுவியது என்று கேட்டபோது ஜப்பார் பாய் உத்தரத்தைப் பார்த்தார். தேறியவை இரண்டு. ஒன்றில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெள்ளைக் கோட்டோடு பூமியின் விரிசல். மற்றதில் விரிசலே இல்லை.

விரிசல் கல்லை உறைக்குள் வைத்து டிசம்பரில் பம்பை ஓட்டினோம். தண்ணீர் போனது, தண்ணீர் வந்தது. எண்ணெய் கண்ணில் படவில்லை.

“வராதும்மா. விரிசல் வழியா தண்ணி நேரா ஓடிப் போயிடுது. எண்ணெயத் தொடவே மாட்டேங்குது” என்றார் ராஜமாணிக்கம் சார்.

“ஓட விட்டா ஓடத்தான் சார் செய்யும். நிறுத்தி ஊற விடலாம். விரிசலோட ரெண்டு பக்கச் சுவரும் தண்ணிய உறிஞ்சும். உறிஞ்சுன எடத்துல இருக்குற எண்ணெ வெளிய வந்துதானே ஆவணும்?”

“பம்ப நிறுத்தறதா?” பம்பின் பொட்டைப் பார்த்தார். “பாக்கலாம்மா.”

டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்து அவருக்குப் பதில் பம்பை நிறுத்தியது. கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயலில் விழுந்திருந்தன. சாரின் வீடு கடலூரில், கூரை ஓடெல்லாம் பறந்து அவர் குடும்பம் உறவினர் வீட்டில் இருந்தது. எங்கள் ஜெனரேட்டர் கொட்டகை சரிந்து ஜெனரேட்டர்மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஊரே குடிக்கத் தண்ணீரும் கரண்டும் இல்லாமல் தவித்தபோது ஒரு கல்லைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? நானும் ஒரு வாரம் அதை நினைக்கவில்லை.

பொங்கலை ஒட்டிக் கூடத்துக்குக் கரண்ட் வந்தது. விதிப்படி உறையைத் திறந்து செத்த கல்லை வெளியே போட வேண்டும். ஜப்பார் பாய் ஸ்பேனரோடு நின்றார்.

“தெறக்காதீங்க பாய். பம்பப் போடுங்க.”

“செத்த கல்லுக்கு எதுக்கு மேடம் பம்பு?”

“நாடி பாக்கலாம், போடுங்க.”

முதலில் உறையில் தேங்கியிருந்த தண்ணீர் வந்தது. பிறகு குழாயின் நீர்மட்டத்தில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு மிதந்தது. பின்னால் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. மாதம் முழுக்க அழுத்தியபோது வராதது, சும்மா ஊறிக் கிடந்தபோது வந்திருந்தது. “அல்லா!” என்றார் பாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குழாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ராஜமாணிக்கம் சார் அடுத்த வாரம் வந்தார், இளைத்திருந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“செத்த கல்லும்மா இது.”

“செத்தது எண்ணெ விடுமா சார்?”

“விதின்னு ஒண்ணு இருக்கு. புயல்ல நின்ன கணக்க எடுத்துக்கிட்டு கம்பெனி முன்னால நிக்க முடியாது. புயலுக்கு முந்தின கணக்கு மட்டும் போவட்டும்.”

“அப்ப திரும்பப் பண்ணலாம். நாமளே நிறுத்தி, நாமளே ஊற வச்சு. விரிசல் இல்லாத கல்லையும் பக்கத்து உறையில போடலாம். ரெண்டும் ஒரே மாதிரி ஊறட்டும். விரிசலாலதான் வருதான்னு தெரிஞ்சுடும்.”

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஸ்டெல்லாம்மா, உங்க எக்ஸ்டென்ஷன் பேப்பர் மேல போயிருக்கு. ரெண்டு வருஷம். கம்பெனியும் ஒரு வார்த்த நல்லபடியா சொன்னா வந்துடும். இப்பப் போயி எதுக்கு இதெல்லாம்?”

அந்த ஆண்டு நடுவில் எனக்கு ஓய்வு. அந்த இரண்டு வருடம் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று நடிக்க நான் துறவி இல்லை. ஷேல் அப்போதுதான் அதிகமாக வர ஆரம்பித்திருந்தது. நான் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கல் என் மேசைக்கு வரும் நேரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று வயிறெரிந்தது. ஆனால் வந்த எண்ணெயை வரவில்லை என்று சொல்லி வாங்கிய வேலையில் எந்த முகத்தோடு கல்லைத் தொடுவது?

“மிரட்டுறீங்களா சார்?”

“சேச்சே. சொன்னேன்.”

“கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பம்ப் அறைக்குப் போனேன். இரண்டு கல்லையும் இரண்டு உறைக்குள் வைத்து, தண்ணீர் நிறையும்வரை ஓட்டிவிட்டு, பட்டப்பகலில் என் கையாலேயே சுவிட்சை அணைத்தேன். எங்கள் கூடத்தில் கரண்ட் இருக்கும்போது, சோதனை நடுவில் அதைத் தொட்டு அணைத்த முதல் ஆள் நான்தான். ஜப்பார் பாய் பதறிப்போனார்.

“மேடம், ரொம்ப ஜாஸ்தியா போறீங்க. சார் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

“ஸ்டெல்லா நிறுத்துனாங்கன்னு சொல்லுங்க.”

“நான் டீ குடிக்கப் போறேன். நான் எதையும் பாக்கல” என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். சாருக்கு அன்றே தெரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவர் பம்புக்குப் பொட்டு வைக்கவில்லை. ஆனால் சுவிட்சைப் போடவும் இல்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

பிப்ரவரியில் வரதன் முடிவு கேட்க வந்தார். புயலுக்கு முந்தைய கணக்கை மட்டும் தாளில் போட்டு, நான் வாசிக்க வேண்டும் என்று சார் வைத்திருந்தார். தாளைக் கவிழ்த்து வைத்தேன். “வரதன் சார், ஓட்டுனா தண்ணி வருது. நிறுத்துனா எண்ணெ வருது. வாங்க, காட்டுறேன்” என்று எழுந்தேன். அவர் ராஜமாணிக்கம் சாரைப் பார்த்தார். சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

ஊறிக்கிடந்த இரண்டு உறைகளையும் வரதன் கண் முன்னாலேயே ஓட விட்டேன். விரிசல் இல்லாத கல்லின் குழாயில் வெறும் தண்ணீர், கடைசிவரை வெறும் தண்ணீர்தான். விரிசல் கல்லின் குழாயிலும் முதலில் தண்ணீர்தான் வந்தது. வரதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஜப்பார் பாயின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வராவிட்டால் பைத்தியக்காரி என்று பெயர், எக்ஸ்டென்ஷனும் போச்சு. அப்போது குழாயின் அடியில் ஒரு சொட்டு ஒட்டி நின்றது. உப்பியது, விடுபட்டு மேலே ஏறியது.

“எண்ணெதான்” என்றார் ராஜமாணிக்கம் சார். அவர்தான் முதலில் சொன்னார்.

வரதன் விடவில்லை. “சம்மட்டி அடிச்ச விரிசலா இருக்கலாம்ல?”

பம்பை நிறுத்தி, உறையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தேன். “கல்லு ரிக்குக் குழாயிலேருந்து வரும்போது பக்கத்துலயே நின்னேன். இந்தாங்க, வெள்ளக் கோடு தெரியுது பாருங்க. எந்தச் சம்மட்டியும் சுண்ணாம்பு பூசாது.”

“ஓகே மேடம். ஆனா ரெண்டு சொட்டு. அதுவும் ஒரே கல்லு. அவ்ளோ ஆழத்துல அழுத்தத்துல இந்த விரிசல் மூடிக்கிட்டும் இருக்கலாம்.”

அது நியாயமான கேள்வி. ஒத்துக்கொண்டேன். “இருக்கலாம். அதக் கிணத்துலதான் கேக்கணும். ஷேல் அடுக்குல தண்ணிய ஏத்திட்டு ரெண்டு வாரம் விடுங்க. கோடையில வெடிச்சுக் கெடக்குற வயலுக்கு மொதத் தண்ணி விட்டா, புவனகிரிக்காரங்க மறுநாளே வடிச்சிடுறாங்களா? கட்டி ஊறட்டும்னு தேக்கித்தானே வைக்கிறாங்க?”

“ரிக்க ரெண்டு வாரம் சும்மா நிறுத்த முடியாது மேடம். ரிக்குன்னா நிக்கக் கூடாது.” கையைப் பையில் விட்டுக்கொண்டு, “மேல சொல்லிப் பாக்கலாம்” என்றார்.

பாக்கலாம் என்ற சொல்லை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அறிக்கையில் என் சோதனையையும் சேர்த்தே அனுப்பினார் ராஜமாணிக்கம் சார். அதைக் கம்பெனி படித்ததா என்று தெரியாது. கிணற்றை மூட முடிவு வந்தது. என் எக்ஸ்டென்ஷன் வரவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன், துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு புவனகிரிக்குப் பஸ் ஏறினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கல் எடுத்த கிணற்றுக்கு வாய்க்கரிசி போடும்போது நான் இல்லாமலா?

ரிக்கின் கீழே சிமென்ட் கலந்துகொண்டிருந்தார்கள். கலந்த குழம்பைக் குழாய் வழியாக உள்ளே இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். மிஷின்கள் எல்லாம் ஓய்ந்து, அவ்வளவு பெரிய ரிக் சத்தமில்லாமல் நின்றது. வரதன் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“வேலதான் முடிஞ்சிடுச்சே சார், ரிக்கு ஏன் இன்னும் கெளம்பல?”

“உடனே கெளம்ப முடியாது மேடம்” என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. “சிமென்ட் உள்ள இறுகணும். நாளைக்கு வரைக்கும் அப்புடியே விட்டுட்டு, அப்புறம் தட்டிப் பாத்துட்டுத்தான் போவணும். அவசரப்பட்டா புடிக்காது. அதுவரைக்கும் ரிக்கு நின்னுதான் ஆவணும். அது ரூல்.”

நான் சிரித்த சிரிப்பில் நிழலில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

“என் கல்லும் அதத்தான் சார் கேட்டுச்சு” என்றேன்.